முதுகு முழுக்க ஓர் ஓவியம்: ஜப்பானியப் பச்சைக் கலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்பில் பச்சை குத்தும் ஜப்பானியக் கலை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சினிமாவில் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கும் ரவுடி. அடுத்தது டிராகன். இரண்டையும் கொஞ்ச நேரம் ஓரம் வைத்துவிட்டு, டிராகனைச் சுற்றியிருக்கும் கறுப்பு மேகத்தையும் அலையையும் பார்க்கத் தொடங்கினால்தான் இந்தக் கலை பிடிபடும். நண்பர்களும் வாசகர்களும் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலேயே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பச்சை ஜப்பானிய மரபைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அளவையும் திட்டத்தையும் வைத்துத்தான். மேற்கத்திய மாலுமிகள் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒன்று என்று குத்திக்கொண்டு போனார்கள்: இங்கே நங்கூரம், அங்கே ரோஜா, நடுவில் காதலியின் பெயர். ஜப்பானிய முறையில் ஊசி படுவதற்கு முன்பே எல்லை முடிவாகிவிடும். முதுகு மட்டுமா, மார்பும் கையும் சேர்த்தா, தொடையும் உண்டா என்று பேசி முடித்துவிட்டே தொடங்குவார்கள். கைக்கும் கணக்கு இருக்கிறது. முழங்கைக்கு மேலேயே நின்றால் கொபு, முழங்கையைத் தாண்டி முன்கையின் பாதியில் நின்றால் ஷிச்சிபு, மணிக்கட்டு வரை போனால் நாகசொதெ.

உடல் முழுக்கக் குத்தியவர்களிடம்கூட மார்பின் நடுவில், கழுத்திலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை, ஒரு பட்டை வெறுந்தோலாக விடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அதற்கு முனெவாரி என்று பெயர். மேலங்கியின் முன்பக்கம் திறந்திருந்தாலும் பச்சை வெளியே தெரியாது. அடுத்தவர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக மேற்கில் குத்திக்கொண்டார்கள். இங்கே மறைக்க முடியவேண்டும் என்பதை வடிவமைப்பிலேயே சேர்த்துவிட்டார்கள்.

நல்ல வேலையா, சுமாரான வேலையா என்று பார்க்க எங்கே கண்ணை வைக்கவேண்டும்?

பின்னணியில். டிராகனின் முகத்தை நன்றாக வரையக் கற்றுக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அந்த டிராகன் எந்தக் காற்றில் மிதக்கிறது, எந்த மேகத்துக்குள் அதன் வால் நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்பதில்தான் ஆசான் தெரிவார். காற்று, அலை, மேகம், பாறை ஆகியவற்றால் ஆன இந்தப் பின்னணியைக் காகுபொரி என்பார்கள். அடர்கறுப்பில் தொடங்கிச் சாம்பல் வழியாகத் தோலின் நிறத்துக்கே கரைந்து போகும் நிழல் போகாஷி. கறுப்பு ஒரே சீராக, திட்டுத்திட்டாகத் தெரியாமல் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நிழல் கரையும் இடத்தில் கோடு விழுந்தமாதிரி நின்றால் கை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஓரம். பச்சை முடிந்து வெறுந்தோல் தொடங்கும் எல்லைக்கு மிகிரி என்று பெயர். அதை வெட்டிவிட்டாற்போல நேராக முடிக்கலாம். பியோனிப் பூவின் இதழ்போல வளைந்து வளைந்து முடிக்கலாம். பைன் ஊசியிலைகளைப்போல முடிக்கலாம். விடியல் வெளிச்சம் மாதிரி மெல்ல மங்கவிட்டும் முடிக்கலாம். பட்டுச்சேலையில் உடலும் கரையும் முந்தானையும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரவேண்டும் என்று நெசவாளர் கணக்குப் போடுகிறாரே, அதே கணக்குதான் இங்கும்.

மூன்றாவதாக, அந்த மனிதரை அசையச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிடும்போது தோளிலிருக்கும் அலை மார்பிலிருக்கும் அலையோடு சேரவேண்டும். தூக்கும்போது கெண்டை மீன் விலாவில் நெளியவேண்டும். காகிதத்தில் அழகாக இருந்த படம் உடம்பில் விழுந்ததும் செத்துப்போவது இங்கேதான். இன்ஸ்டாகிராம் படங்களை வைத்து மட்டும் யாரையும் மதிப்பிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். அங்கே எல்லாரும் கையை ஒரே கோணத்தில் வைத்துத்தான் படமெடுக்கிறார்கள், அதுவும் தோல் சிவந்து நிறம் தூக்கலாக இருக்கும் முதல் நாளில்.

மீன், டிராகன், சிங்கம், பூ இதற்கெல்லாம் பொருள் உண்டா?

உண்டு. ஆனால் கெண்டை என்றால் விடாமுயற்சி, டிராகன் என்றால் வலிமை என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தால் பாதிதான் கிடைக்கும். எதனோடு எது சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கெண்டை அருவியை எதிர்த்து மேலே ஏறுவது ஒரு சீனப் பழங்கதை. மஞ்சள் ஆற்றின் டிராகன் வாசலைத் தாண்டிவிடும் மீன் டிராகனாக மாறிவிடுமாம். அதனால் கெண்டை வந்தால் தண்ணீரும் வரவேண்டும். அதோடு சிவந்த மேப்பிள் இலைகள் மிதந்தால் அது இலையுதிர்காலம். சிங்கத்தோடு பியோனி: விலங்குகளின் அரசனும் பூக்களின் அரசனும். புலியோடு மூங்கில். ஏறக்குறைய எல்லாப் படத்துக்கும் ஒரு பருவம் இருக்கிறது. பழைய ஆசான்கள் அதைக் குழப்பமாட்டார்கள். பனிக்காலத்தில் பாம்பு வளைக்குள் போய்விடும், எனவே பனி விழும் படத்தில் பாம்பு வரக்கூடாது என்பார்கள். இன்று இதையெல்லாம் மீறி அழகாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். விதியைத் தெரிந்துகொண்டு மீறுகிறவருக்கும் தெரியாமல் மீறுகிறவருக்கும் வித்தியாசம் முதுகில் தெரிந்துவிடும்.

வெட்டுண்ட தலையைக் குத்திக்கொள்வது பார்ப்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம். நாமகுபி எனப்படும் அந்தத் தலை, சாவைக் கண்டு அஞ்சாத போர்வீரனின் மனநிலைக்கான அடையாளம். கொம்பும் கோரைப்பல்லுமாக இருக்கும் ஹன்னியா முகமூடி வெறும் பேயல்ல. பொறாமையிலும் துயரத்திலும் பேயாகிப்போன ஒரு பெண்ணின் முகம். நோ எனும் ஜப்பானிய மரபு நாடக மேடையில் அதே முகமூடியைச் சற்றுக் குனிந்து பார்த்தால் அழுவதாகவும், நிமிர்ந்தால் சீறுவதாகவும் தெரியும். நல்ல பச்சைக் கலைஞர் இரண்டு பாவத்தையும் ஒரே முகத்தில் கொண்டுவந்துவிடுவார்.

இந்தப் பாணி எப்போது தொடங்கியது?

இன்று நாம் பார்க்கும் முழுமுதுகு ஓவியம் எடோ காலத்தின் பிற்பகுதியில், அதாவது 1800களின் முன்பாதியில், இன்றைய டோக்கியோவான எடோ நகரத்துத் தெருக்களில் உருவானது. அதற்குத் தீ மூட்டியது ஒரு சீன நாவல். 108 கலகக்காரர்கள் ஊழல் அதிகாரிகளை எதிர்த்து நிற்கும் கதை அது. ஜப்பானில் சுய்கொதென் என்ற பெயரில் பிரபலமானது. மூலக்கதையில் ஒரு சிலர் உடம்பில்தான் பச்சை உண்டு.

1827 வாக்கில் உதாகவா குனியோஷி என்ற மரப்பலகை அச்சு ஓவியர் இந்த வீரர்களைத் தனித்தனிப் படங்களாக வெளியிடத் தொடங்கினார். அவருக்கு அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. வாழ்க்கையும் தள்ளாட்டத்தில்தான் இருந்தது. கதையில் பச்சையே இல்லாத வீரர்களுக்கும் அவர் தாராளமாகக் குத்திவிட்டார். ஒன்பது டிராகன்கள் சுற்றிய உடம்போடு ஷிஷின். வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு மதகின் கம்பிகளைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும் சோஜுன். படங்கள் விற்றுத் தள்ளின. குனியோஷியின் பெயரும் ஒரே தொடரில் நிலைத்தது. அச்சைப் பார்த்தவர்கள் எனக்கும் அப்படி வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். இன்றும் பலரின் முதுகில் இருப்பது குனியோஷியின் வீரனேதான். அந்த வீரனின் உடம்பிலும் பச்சை இருக்கும். பச்சைக்குள் பச்சை, இதற்கு நிஜூபொரி என்று பெயர்.

யார் குத்திக்கொண்டார்கள்?

உடம்பால் உழைத்தவர்கள். பல்லக்குத் தூக்கிகள், தபால் ஓட்டக்காரர்கள், தச்சர்கள், கட்டடச் சாரத்தில் ஏறுகிறவர்கள், குதிரைக்காரர்கள். எல்லாருக்கும் மேலே தீயணைப்பு வீரர்கள். மரமும் காகிதமுமாகக் கட்டிய எடோவில் தீ என்பது அடிக்கடி வரும் விருந்தாளி. 1720இல் நகர மக்களிடமிருந்தே தீயணைப்புப் படைகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. இவர்கள் வேலை தண்ணீர் ஊற்றுவதைவிட, தீ பரவும் பாதையிலுள்ள வீடுகளை இடித்துத் தள்ளுவது. கூரையேறி நிற்கிற ஆளுக்குத் தண்ணீர்க் கடவுளான டிராகனை உடம்பில் சுமப்பது காப்பும் ஆயிற்று, பெருமையும் ஆயிற்று. அவர்கள் உடுத்திய கனத்த பருத்தி அங்கியின் உள்பக்கத்தில் டிராகனும் வீரர்களும் சாயத்தில் தீட்டியிருப்பார்கள். தீ அணைந்ததும் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடப்பார்கள். அரும்பொருளகங்களில் அந்த அங்கிகள் இன்றும் இருக்கின்றன. பச்சைக்கும் அங்கிக்கும் படம் ஒன்றுதான் என்று பார்த்தவுடன் தெரியும்.

பட்டாடைகளுக்குச் சாதாரண மக்கள்மீது அரசு கட்டுப்பாடு விதித்திருந்த காலம் அது. உடம்பையே ஆடையாக்கிக்கொண்டார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கூலிக்காரன் வெயிலில் கோவணத்தோடு நின்று வேலை செய்கிறவன். அவனுக்கு வெறும் உடம்பு கூச்சமாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

பச்சை தண்டனையாகவும் இருந்தது என்கிறார்களே?

ஆமாம். 1720இலிருந்து திருட்டு போன்ற குற்றங்களுக்கு மூக்கையும் காதையும் அறுப்பதற்குப் பதிலாகப் பச்சை குத்தும் தண்டனை வந்தது. எடோவில் முன்கையைச் சுற்றிப் பட்டை போடுவார்கள். ஊருக்கு ஊர் அடையாளம் மாறும். ஹிரோஷிமா பகுதியில் மூன்றாம் முறை பிடிபட்டவனின் நெற்றியில் நாய் என்ற எழுத்து முழுமையடைந்துவிடும். 1870இல் இந்தத் தண்டனை நீக்கப்பட்டது. அலங்காரப் பச்சைக்குக் கலைஞர்கள் ஹொரிமோனோ என்ற பெயரையே விரும்புவதற்குக் காரணம் இதுதான். தண்டனைப் பச்சைக்கும் வழங்கிய இரெசுமி என்ற சொல்லில் குற்றவாளியின் நிழல் ஒட்டியிருக்கிறது.

பிறகு ஏன் தடை செய்தார்கள்?

எடோ அரசே 1811இலும் 1842இலும் தடுத்துப் பார்த்தது. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையான அடி அடுத்து ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசிடமிருந்து வந்தது. மேற்கத்திய நாடுகள் தங்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்துவிடக்கூடாது என்ற பதற்றத்தில் 1872இல் பச்சை குத்துவதும் குத்திக்கொள்வதும் குற்றம் என்று அறிவித்தார்கள். அதே மேற்கத்தியர்கள் யோகொஹாமாவில் கப்பலிறங்கியதும் முதலில் தேடியது பச்சைக் கடையைத்தான்! வெளிநாட்டவருக்குக் குத்துவதை அதிகாரிகள் பார்த்தும் பார்க்காததுபோல விட்டார்கள்.

1881இல் பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராகி நம் நாட்டு நாணயங்களில் தலை போட்டவர், மாலுமியாக வந்தபோது கையில் டிராகன் குத்திக்கொண்டு போனார். 1891இல் ரஷ்ய இளவரசர் நிக்கலஸ் நாகசாகியில் டிராகன் குத்திக்கொண்டார். அதே பயணத்தில் ஓத்சு நகரில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவரே அவர் தலையில் வாளால் வெட்டினார் என்பது தனிக்கதை. உள்ளூர் ஆட்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, பெயர்ப்பலகை இல்லாத வீடுகளில் குத்திக்கொண்டார்கள். 1948இல், அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் தடை நீங்கியது. 76 ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்த பழக்கம் இன்றும் தொழிலில் இருக்கிறது. பழைய ஆசான்கள் பலர் விளம்பரம் செய்வதில்லை. அறிமுகத்தின் பேரில்தான் போகமுடியும்.

கையால் குத்துவது எப்படி இருக்கும்?

தெபொரி என்பது அதன் பெயர். ஒரு முழம் நீளக் கோல், முன்பு மூங்கில், இப்போது பெரும்பாலும் கிருமிநீக்கம் செய்ய வசதியாக எஃகு. அதன் நுனியில் ஊசிகளை வரிசையாக வைத்து நூலால் இறுகக் கட்டியிருப்பார்கள். கோட்டுக்குச் சில ஊசிகள் போதும். நிழலுக்கு அகலமான கட்டு, சிலசமயம் இரண்டு அடுக்காக.

வாடிக்கையாளர் தரையில் பாயிலோ மெத்தையிலோ படுத்திருப்பார். ஆசான் பக்கத்தில் மண்டியிட்டு, இடதுகையால் தோலை இழுத்துப் பிடிப்பார். அதே கையின் விரலிடுக்கில் மையில் தோய்த்த தூரிகை இருக்கும். கோல் இடது பெருவிரலின்மேல் சாய்ந்து கிடக்கும். வலதுகை பின்னாலிருந்து அதை முன்னும் பின்னும் தள்ளும். ஊசி நேராக இறங்காமல் சாய்வாக நுழையும். வெளியே வரும்போது சின்னதாக ஒரு நெம்பு. அந்த நெம்பில்தான் 'சக், சக்' என்று தோல் விடுபடும் ஓசை கேட்கும். வேகமும் தாளமும் மாறாமல் மணிக்கணக்கில் அது ஓடும். ஊசிமுனையைத் தூரிகையில் தொட்டு மை எடுத்து, மறுபடி அதே தாளத்தில் சேர்ந்துகொள்ளும்.

கறுப்பு, சுமி மை. விளக்குக்கரியும் பசையும் சேர்த்த மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு அரைப்பது பழைய வழக்கம். தோலுக்கடியில் போனபின் அது வருடங்களில் நீலம் கலந்த கறுப்பாக மாறும். முன்பெல்லாம் சிவப்புக்குச் சாதிலிங்கம். பாதரசம் கலந்த அந்த நிறத்தை ஒருநாளில் கொஞ்சம்தான் ஏற்றமுடியும், காய்ச்சல் வந்துவிடும்.

இப்போது பெரும்பாலான ஆசான்கள் கோடுகளை எந்திரத்தில் போட்டுவிட்டு, நிழலையும் நிறத்தையும் கையால் செய்கிறார்கள். எந்திரம் வந்தால் மரபு போச்சு என்று புலம்புகிறவர்கள் வெளியாட்கள்தான். தொழில் செய்கிறவர்களுக்குக் கோடு சுத்தமாக விழுந்தால் போதும்.

ரொம்ப வலிக்குமா?

வலிக்கும். தெபொரி எந்திரத்தைவிட மெல்லிய வலி என்று இரண்டையும் அனுபவித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். விலா, அக்குள், தொடையின் உள்பக்கம், முழங்காலின் பின்பக்கம் ஆகிய இடங்களில் எந்த முறையும் இரக்கம் காட்டாது.

எல்லாக் கலைஞர்கள் பெயரும் ஏன் 'ஹொரி' என்று தொடங்குகிறது?

ஹொரு என்றால் செதுக்குதல். குருவிடம் பயிற்சி முடித்தவருக்கு ஹொரி என்று தொடங்கும் தொழிற்பெயரைக் குருவே கொடுப்பார். புகழ்பெற்ற பெயர் தலைமுறை தலைமுறையாக இறங்கும்: முதலாம் ஹொரியோஷி, மூன்றாம் ஹொரியோஷி என்று. அச்சுப்பலகை செதுக்குகிறவர்களையும் பச்சை குத்துகிறவர்களையும் ஒரே பெயரால், ஹொரிஷி என்று அழைத்தார்கள். இரண்டு தொழிலும் ஒரே படங்களைப் பங்குபோட்டுக்கொண்டதால் அது பொருத்தம்தான்.

சீடனாகச் சேர்வது குருகுலம்தான். பழைய முறையில் ஐந்து வருடமோ அதற்கு மேலோ. குருவின் வீட்டிலேயே தங்கி, கூட்டிப் பெருக்கி, மை அரைத்து, ஊசி கட்டி, ஓயாமல் வரைந்து பழகவேண்டும். முதலில் குத்திப் பார்க்கக் கிடைக்கும் தோல், சீடனின் சொந்தத் தொடை. குரு உட்கார்ந்து பாடம் எடுக்கமாட்டார். பார்த்துத் திருடிக்கொள்ளவேண்டும் என்பதே அவர்கள் கைத்தொழில்கள் எல்லாவற்றுக்குமான வழக்கு. இந்த முறையில் அருமையான கலைஞர்கள் வந்தார்கள். அடியும் வசையும் தாங்காமல் ஓடிப்போனவர்களும் நிறைய. குருகுலம் என்றதும் உருகிவிடுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

தெரிந்துகொள்ளவேண்டிய கலைஞர்கள் யார்?

ஒரே ஒருவர்தான் என்றால் மூன்றாம் ஹொரியோஷி. இயற்பெயர் யோஷிஹித்தோ நகானோ. 1946இல் ஷிசுவோகா மாநிலத்து ஷிமாதாவில் பிறந்தவர். சிறுவனாகப் பொதுக் குளியலறையில் பச்சை குத்திய ஒருவரின் உடம்பைப் பார்த்ததில் தொடங்கிய மோகம், இருபத்தைந்தாவது வயதில் யோகொஹாமாவின் முதலாம் ஹொரியோஷியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் உடம்பு முழுவதும் பச்சைதான். பேய்கள், சுய்கொதென் வீரர்கள் என்று அவர் வரைந்த தொகுப்புகளை உலகெங்கும் பச்சைக் கடைகளில் காணலாம். 2000இல் மனைவியோடு சேர்ந்து யோகொஹாமாவில் பச்சைக்கென்றே ஒரு சிறு அரும்பொருளகத்தைத் தொடங்கினார். மகன் கசுயோஷியும் இதே தொழிலில் இருக்கிறார். என்னைக் கேட்டால், அவருடைய டிராகன்களைவிடத் தண்ணீரைப் பாருங்கள். அலை திரும்பி விழும் இடத்தில் நுரையின் விரல்களை அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கிஃபு நகரத்து ஹொரிஹிதெ இன்னொரு முக்கியமான பெயர். ஹொனலுலுவில் கடை வைத்திருந்த செயிலர் ஜெர்ரி என்ற நார்மன் காலின்ஸோடு அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. அந்தப் பாலத்தின் வழியே 1973இல் அமெரிக்க இளைஞர் டான் எட் ஹார்டி கிஃபுவுக்குப் போய் ஹொரிஹிதெயிடம் வேலை கற்றார். அச்சுக்கலை படித்தவர் அவர். திரும்பி வந்து, 1974இல் சான் பிரான்சிஸ்கோவில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், அவரவருக்கென வரைந்த படத்தை மட்டும் குத்தும் கடையைத் திறந்தார். சுவரில் தொங்கும் படத்தைக் காட்டி 'இதைக் குத்து' என்னும் பழக்கம் மேற்கில் மாறத்தொடங்கியதில் அந்தக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊர் மால்களில் பளபளக்கும் டிஷர்ட்டுகளில் பார்த்த எட் ஹார்டி என்ற பெயர் இவருடையதுதான். அந்தச் சட்டைகளை வைத்து மனிதரை எடைபோட்டுவிடாதீர்கள்.

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஹொரிதகா, ஹொரிதொமோ இருவரையும் தேடிப் பார்க்கலாம். ஹொரிதொமோ பூனைகளின் உடம்பில் முழுப் பச்சை வரைந்து, மரபின் எல்லா விதிகளையும் பூனை முதுகில் சொல்லிக்கொடுத்துவிடுவார். ஹொரிதகா 2014இல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள ஜப்பானிய அமெரிக்க தேசிய அரும்பொருளகத்தில் ஜப்பானியப் பச்சை பற்றிய பெரிய கண்காட்சியை அமைத்தவர். யோகொஹாமாவின் ஷிகெ மரபுப் படங்களை நவீன நிறங்களில் விரிப்பவர். ஒசாகாவின் நிஸ்ஸாகோ உருவங்களையே விட்டுவிட்டுக் கறுப்பு வடிவங்களால் முழு உடம்பையும் மூடுகிறவர். டிராகனே இல்லாமல் காகுபொரியின் இலக்கணம் மட்டும் நின்றால் எப்படியிருக்கும் என்று நினைப்பவர்கள் அவரிடம் தொடங்கலாம்.

பெண்கள்?

ஹொரிஷிகளில் பெண்கள் குறைவு. இப்போது கூடி வருகிறார்கள். ஆனால் ஜப்பானியத் தீவுகளின் பழமையான இரண்டு பச்சை மரபுகள் பெண்களுடையவை. ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு பெண்கள் உதட்டைச் சுற்றிக் குத்திக்கொண்டார்கள். ஒகினாவா பெண்கள் புறங்கையில் ஹஜிச்சி எனும் வடிவங்களைக் குத்திக்கொண்டார்கள். முதலாவதை 1871இலும் அடுத்ததை 1899இலும் அரசு தடை செய்தது. பாட்டியின் கையைப் பார்த்துப் பேத்தி வெட்கப்படும்படி பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது. ஹஜிச்சியை மீட்க இப்போது ஒகினாவாவில் இளம் பெண்கள் முயல்கிறார்கள். இவற்றை எடோ பாணியோடு சேர்த்துக் குழப்பக்கூடாது.

நம் சாமிகள் இதில் இருக்கிறார்களாமே?

பௌத்தம் வழியாகப் போனவர்கள். நெருப்புக்கு நடுவே, வலக்கையில் வாளும் இடக்கையில் கயிறுமாக முறைத்துக்கொண்டிருக்கும் ஃபுதோ மியோஓ வடமொழியில் அசலநாதர். முதுகில் குத்த மிகவும் விரும்பப்படும் தெய்வம் இவர்தான். பீவா என்ற நரம்பு வாத்தியத்தோடு பாம்பும் டிராகனும் சூழ வரும் பென்சைதென், நம் சரஸ்வதி. கருடன் அங்கே கருரா. கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும் தாடிக்கார தருமா, போதிதர்மர். தென்னிந்திய அரசகுமாரர் என்று சீன, ஜப்பானிய மரபுக்கதைகள் சொல்லும் அதே துறவி. தெய்வ உருவங்களை இடுப்புக்குக் கீழே குத்தாத வழக்கம் அங்கேயும் உண்டு. இதை நான் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே தலையாட்டுவார்கள்.

நம் ஊரில் குறத்திகள் வீடுவீடாக வந்து குத்திய கோலப் பச்சைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது.

ஜப்பானியக் குற்றக் கும்பல்காரர்களான யாகுசாக்கள்தானே இதைக் குத்திக்கொள்கிறார்கள்?

அவர்களும் குத்திக்கொண்டார்கள். தடைக்காலத்தில் சட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்குப் பச்சை இன்னும் பொருத்தமாகிவிட்டது. 1960களிலிருந்து திரைப்படங்கள் மீதி வேலையைச் செய்தன. பணம் கொடுத்து வருடக்கணக்காக வந்துபோகக்கூடிய வாடிக்கையாளர்களாக அவர்கள் இருந்ததால்தான் பல ஆசான்களின் அடுப்பு எரிந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் 1992இல் கும்பல்களுக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அடையாளத்தை மறைப்பதே அவர்களுக்கு லாபம். இன்று ஆசானின் பாயில் படுத்திருப்பவர் சமையற்காரராகவோ கட்டட வேலைக்காரராகவோ வெளிநாட்டிலிருந்து வந்தவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். எடோ சோயூகாய் என்றொரு பழைய கழகம் இருக்கிறது. பச்சை குத்திய சாதாரணத் தொழிலாளிகளும் கைவினைஞர்களும் சேர்ந்தது. ஓயாமா மலைக் கோயிலுக்குக் கூட்டமாக யாத்திரை போவார்கள்.

இப்போது சட்டப்படி சரியா?

சரி. ஆனால் அதை நீதிமன்றத்தில் போராடித்தான் வாங்கவேண்டியிருந்தது. தோலில் ஊசியால் நிறமேற்றுவது மருத்துவச் செயல் என்று 2001இல் சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அப்படியென்றால் டாக்டர் பட்டம் இல்லாமல் குத்துவது குற்றம்! 2015இல் ஒசாகாவின் தாய்கி மசுடா என்ற கலைஞர்மீது வழக்கு பாய்ந்தது. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம்; அவர் மறுத்துவிட்டார். 2017இல் மாவட்ட நீதிமன்றம் 1,50,000 யென் அபராதம் விதித்தது. 2018இல் ஒசாகா உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பச்சை குத்துவதற்கு வேண்டியது மருத்துவ அறிவிலிருந்து வேறான கலைத்திறன், வரலாற்றில் அதைச் செய்துவந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பது தீர்ப்பின் சாரம். எனக்குத் தெரிந்து, இந்தக் கலைக்கு ஜப்பானிய அரசு அமைப்பு ஒன்று செய்த மிகப் பெரிய மரியாதை இதுதான்.

பச்சை இருந்தால் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு விடமாட்டார்களா?

பல இடங்களில் விடமாட்டார்கள். 2015இல் ஜப்பான் சுற்றுலா முகமை கேட்டபோது, பதிலளித்த விடுதிகளில் 56 சதவீதம் மறுப்பதாகவும் 31 சதவீதம் அனுமதிப்பதாகவும், மீதி 13 சதவீதம் மூடிக்கொண்டு வந்தால் விடுவதாகவும் சொல்லின. சிறிய பச்சை என்றால் ஒட்டும் பட்டையால் மறைத்துவிடலாம். ஹியோகோ மாநிலத்தின் கினொசாகியில் பொதுக் குளியல் இடங்கள் பச்சை குத்தியவர்களையும் விடுகின்றன. மற்ற இடங்களில் தனியறைக் குளியலைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். விளையாட்டு மையங்களிலும் நீச்சல் குளங்களிலும் இதே நிலைதான்.

முழு முதுகுக்கு எவ்வளவு நாளாகும், எவ்வளவு செலவாகும்?

வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு மணி நேரம் என்று போனால் முதுகுக்கே ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். முழு உடம்பென்றால் ஐந்து வருடமும் தாண்டும். மணிக்கு 10,000 யென்னும் அதற்கு மேலும் கேட்பார்கள். பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளம். கோடு மட்டும் போட்டு நிறமேறாமல் நிற்கும் முதுகுகளைக் குளியலறைகளில் பார்த்துச் சிரித்தார்கள் என்று பழைய கதைகள் உண்டு.

ஜப்பானியர் அல்லாதவர் குத்திக்கொள்ளலாமா?

தாராளமாக. பெரும்பாலான ஆசான்களுக்கு அதில் ஆட்சேபம் கிடையாது; இன்று அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களில் வெளிநாட்டவரும் உண்டு. அவர்களுக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். இன்னொருவர் முதுகில் இருக்கும் வேலையைப் படமெடுத்துக்கொண்டு வந்து அப்படியே வேண்டும் என்று கேட்காதீர்கள். அது இன்னொரு கலைஞரின் உழைப்பு, இன்னொரு மனிதரின் உடம்பு. உங்களுக்குப் பிடித்த கதையையோ உருவத்தையோ மட்டும் சொல்லிவிட்டு, மீதியை அவரிடம் விட்டுவிடுங்கள். பேரம் பேசாதீர்கள். முந்தைய இரவு குடித்துவிட்டுப் போகாதீர்கள். இரத்தம் கசியும், மை நிற்காது. சென்னையிலோ பெங்களூரிலோ குத்திக்கொள்வதானால் ஊசி உங்கள் கண்முன்னே பிரிக்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, ஆறு மாதமாவது கடந்து ஆறிய வேலைகளின் படங்களைக் கேளுங்கள்.

குத்திக்கொள்ளாமல், பார்க்க மட்டும் ஆசை. எங்கே போகலாம்?

டோக்கியோவின் அசாகுசாவில் மே மாதம் நடக்கும் சஞ்சா திருவிழா. அந்த மூன்று நாளும் ஆண்களும் பெண்களும் உடம்பைத் திறந்துகொண்டு தெருவில் நிற்பார்கள். படமெடுக்கக் கேட்டால் பெரும்பாலும் திரும்பி நின்று முதுகைக் காட்டுவார்கள். முகத்தை எடுக்கத் தனியாகக் கேளுங்கள், தொடாதீர்கள்.

பயணம் முடியாதவர்களுக்குக் குனியோஷியின் வீரர்கள் போதும். பாஸ்டன் நுண்கலை அரும்பொருளகமும் பிரிட்டிஷ் அரும்பொருளகமும் அவருடைய அச்சுகளை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. 1863இல் யோகொஹாமாவுக்கு வந்த ஃபெலிச்சே பெயாத்தோ எடுத்து, கையால் வண்ணம் தீட்டிய குதிரைக்காரர்களின் புகைப்படங்களையும் அப்படியே தேடிப் பார்க்கலாம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஃபுகுஷி மசாயிச்சி இறந்தவர்களிடமிருந்து பாதுகாத்துவைத்த பச்சைத் தோல்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே சிலரிடம் பேசி ஒப்புதல் வாங்கியிருந்தார்; பாதியில் நின்ற பச்சையை முடிக்கக் காசில்லாதவர்களுக்குப் பணமும் கொடுத்தாராம். ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு இல்லை.